நெடுந்தூர ஓட்டமும் மூன்றாண்டுப் படிப்பும்

பல்கலைக்கழக அணிக்கு 10,000 மீட்டர் ஓட்டக்காரர் ஒருவரை உருவாக்குவது எளிதன்று. அதற்குரிய உடல் ஆண்டுக்கணக்கில் அமைவது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருக வேண்டும். ஒரே துடிப்பில் கூடுதல் இரத்தத்தைச் செலுத்த இதயம் பழக வேண்டும். பட்டப்படிப்போ மூன்றே ஆண்டுகள். உடல் பக்குவப்படும் வேளையில் மாணவர் விடைபெற்றுவிடுகிறார்.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. நம் காஞ்சிபுரத்துப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் செல்ல வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் மிகுதியாகத் துடிக்கிறது.

2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த கோவிந்தன் லட்சுமணன். அப்போது அவருக்கு வயது 27. கல்லூரிப் பருவம் கடந்திருந்தது.

இதை இவ்விதழில் எழுதக் காரணம் உண்டு. "வீடு திரும்பி ஒரு மாதமாயிற்று, இன்னும் மூச்சு வாங்குகிறதே" என்று குடும்பத்தார் எங்களிடம் கேட்கின்றனர். சிலர், அன்பின் மிகுதியால்தான், நோயாளியை விரைவுபடுத்தவும் செய்கின்றனர். நெடுநாள் படுக்கையில் தளர்ந்த தசையும் இதயமும் ஓட்டக்காரருடையதைப் போலவே மெல்லத்தான் வலுப்பெறும். நடக்க மருத்துவர் அனுமதித்தவர்கள், இராஜ வீதிகளில் கடைகள் திறக்குமுன், வெயில் ஏறாத நேரத்தில் நடக்கலாம். உடன் செல்பவர் பேச்சுக் கொடுத்தபடி வரட்டும். பதில் சொல்ல மூச்சு போதவில்லையெனில் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.