மிர்ரர்லெஸ் காமிராவா, காம்பாக்ட் காமிராவா? கவுண்டரில் நிற்பவருக்கு நாம் சொல்ல வேண்டிய பதில்

கைப்பேசி வந்ததோடு காமிரா வியாபாரம் முடிந்தது என்று நம்மில் பலர் அந்தக் கணக்கையே மூடிவிட்டோம். அப்படி நினைத்ததில் தவறில்லை. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கம் வெளியிடும் கணக்கின்படி, 2010-ஆம் ஆண்டில் உலகம் முழுவதற்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் ஏறத்தாழ 12 கோடி. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் 2024-ல் எண்ணிக்கை சற்று ஏறியது. செத்துப்போனதாக நாம் எல்லோரும் கருதிய சின்னக் காம்பாக்ட் காமிராக்களும் அந்த ஆண்டில் கூடுதலாக விற்றன. கல்லூரிப் பிள்ளைகள் வீட்டு அலமாரியில் கிடந்த பழைய காமிராவைத் தூசி தட்டி எடுத்து வந்து, "இதுக்கு பேட்டரி கிடைக்குமா?" என்று கேட்கும் காலம் இது.

ஆகவே போட்டோ சாமான் கடை நடத்தும் அங்கத்தினர்களும், எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களோடு காமிராவையும் சேர்த்து விற்கும் அன்பர்களும் எங்களிடம் அடிக்கடி ஒன்று கேட்கிறார்கள். வாடிக்கையாளர் கையில் ஒரு தொகையோடு வந்து நிற்கிறார். அந்தத் தொகைக்கு லென்ஸ் மாற்றக்கூடிய ஆரம்பநிலை மிர்ரர்லெஸ் காமிராவும் வரும், சட்டைப்பையில் அடங்கும் நல்ல காம்பாக்ட் காமிராவும் வரும். எதைக் கொடுப்பது? இதற்கு எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். இதில் நாங்கள் செய்த ஒரு தவறும் சேர்ந்திருக்கிறது.

பேசுவதற்கு வசதியாக ஒரே கம்பெனியின் இரண்டு சரக்கை எடுத்துக்கொள்வோம். ஒன்று கேனன் இ.ஓ.எஸ். ஆர்100. 2023 மே மாதம் அறிவிக்கப்பட்ட மிர்ரர்லெஸ் காமிரா. இதனுடன் கொடுக்கும் கிட் லென்ஸ் 18-45 மில்லிமீட்டர். மற்றொன்று அதே கேனனின் பவர்ஷாட் ஜி7 எக்ஸ் மார்க் 3. 2019-ல் வந்த காம்பாக்ட். அமெரிக்காவில் அறிமுகமான போது கிட் லென்ஸோடு ஆர்100-ன் விலை ஏறத்தாழ 600 டாலர், காம்பாக்டின் விலை ஏறத்தாழ 750 டாலர். சிறியது விலை கூடுதல், பெரியது விலை குறைவு. கவுண்டரில் முதல் குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. "இத்தனூண்டு பெட்டிக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. பெரியதாக இருப்பதுதான் நல்லது, அதுவும் விலை குறைவாகக் கிடைக்கிறதென்றால் கேட்கவே வேண்டாம் என்று அவர் நினைக்கிறார். விற்பவரும் தலையை ஆட்டிவிடுகிறார்.

நாங்களும் அப்படித் தலையாட்டியவர்கள்தான். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி மனைவி, கைக்குழந்தையுடன் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, பாப்பாவை எடுக்கணும். அடுத்த மாசம் குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்துறோம். இந்த ரெண்டுல எது நல்ல காமிரா?" என்று கேட்டார். எங்கள் மேஜை மேல் அன்று ஒரு மிர்ரர்லெஸ்ஸும் ஒரு காம்பாக்டும் இருந்தன. பெயர் இங்கே வேண்டாம். "பெரிய சென்ஸார், லென்ஸ் மாத்திக்கலாம், நாளைக்கு வளர்ந்துக்கலாம்" என்று சொல்லி மிர்ரர்லெஸ்ஸைக் கட்டிக் கொடுத்தோம். விசேஷம் முடிந்த மறுவாரம் அவர் திரும்பி வந்தார். கோபமாகப் பேசவில்லை. காமிராவை மேஜையில் வைத்து, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். வெயிலில் எடுத்தவை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. கோயில் மண்டபத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில், தாய்மாமன் மடியில் குழந்தை துள்ளிக்கொண்டு இருந்த நேரத்தில் எடுத்த அத்தனையும் கலங்கல். காது குத்துவது இன்னொரு முறை நடக்காது.

குற்றம் காமிராவில் இல்லை, அவர் கையிலும் இல்லை. விற்றவரிடம்தான் இருந்தது. அது எப்படி என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் விஷயமே இதில்தான் அடங்கியிருக்கிறது.

காமிராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் தகடுதான் சென்ஸார். ஆர்100-ல் அது 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர். ஜி7 எக்ஸ் காம்பாக்டில் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் மிர்ரர்லெஸ்ஸின் சென்ஸார் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரியது. விளம்பரத்தில் இதைத்தான் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அண்டா பெரிதாக இருந்து என்ன, தண்ணீர் வரும் குழாய் மெல்லியதாக இருந்தால்? லென்ஸ்தான் அந்தக் குழாய். அதன் அளவை 'எஃப்' என்று போட்டு ஒரு எண்ணால் குறிப்பார்கள். எண் சிறியதானால் துவாரம் பெரிது, வெளிச்சம் அதிகம் நுழையும்.

ஆர்100 கிட் லென்ஸின் எண் 4.5-லிருந்து 6.3 வரை. காம்பாக்டில் பொருத்தியே வரும் லென்ஸின் எண் 1.8-லிருந்து 2.8 வரை. அகலக் கோணத்தில் காம்பாக்டின் லென்ஸ் ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை விடுகிறது, ஜூம் செய்த நிலையில் ஐந்து மடங்கு. சென்ஸாரில் மூன்று மடங்கு ஆதாயம், லென்ஸில் ஐந்தாறு மடங்கு நஷ்டம். கழித்துப் பார்த்தால், மங்கலான இடத்தில் சின்னக் காமிராவே ஏறத்தாழ இரண்டு மடங்கு முன்னால் நிற்கிறது. ஜூமிலும் அப்படித்தான். பழைய ஃபிலிம் காமிராவின் கணக்கில் சொன்னால் காம்பாக்ட் 24-லிருந்து 100 மில்லிமீட்டர் வரை போகும், கிட் லென்ஸ் 29-லிருந்து 72 வரைதான். எடையும் பாருங்கள். காம்பாக்ட் பேட்டரியோடு சுமார் 304 கிராம். ஆர்100 உடல் 356 கிராம், லென்ஸ் 130 கிராம், ஆக 486. இப்போது அந்த 750 டாலர் எங்கே போனது என்று தெரிகிறதா? சின்னக் குழலுக்குள் அவ்வளவு வெளிச்சம் விடும் லென்ஸைச் செய்வதற்குத்தான் பெரும்பங்கு போகிறது.

இதைப் படித்துவிட்டு மிர்ரர்லெஸ் மட்டம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அதே ஆர்100-ல் கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸைப் போட்டுப் பாருங்கள். 160 கிராம் எடையுள்ள சிறு லென்ஸ், அந்த வரிசையில் விலை குறைந்தவற்றுள் ஒன்று. எஃப் 6.3-ஐவிடப் பன்னிரண்டு மடங்கு வெளிச்சம் நுழையும். இப்போது பெரிய சென்ஸாருக்குப் பெரிய குழாயும் கிடைத்துவிட்டது. காம்பாக்ட் கிட்டே வர முடியாது. பின்புறம் மங்கி முகம் மட்டும் துலங்கும் அந்தக் கல்யாண ஆல்பம் தோற்றமும் இதில்தான் கிடைக்கும். ஆனால் இந்த லென்ஸ் கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கத் தக்கது. எட்டடி அறைக்குள் குடும்பத்தை நிறுத்தி எடுக்க முடியாது. அதற்கு 28 மில்லிமீட்டர் வேண்டும்.

வேறு சில ஆதாயங்களும் மிர்ரர்லெஸ்ஸுக்கு உண்டு. ஓடும் பிள்ளையைத் தொடர்ந்து ஃபோகஸ் பிடிப்பதில் அது காம்பாக்டை மிஞ்சும். கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் இருக்கிறது, நம் ஊர் உச்சி வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாதபோது அதன் அருமை தெரியும். தனி ஃப்ளாஷ் மாட்ட இடம் இருக்கிறது, ஜி7 எக்ஸில் அது இல்லை. ஆனால் ஆர்100-ன் பின்திரை மடங்காது, தொட்டாலும் வேலை செய்யாது. தன்னைத் தானே படம் எடுத்துப் பேசும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால் மறுநாளே திரும்பி வரும். அவர்களுக்கு ஒரு படி மேலான ஆர்50 அல்லது காம்பாக்ட்தான் சரி. காம்பாக்டின் பேட்டரி கம்பெனிக் கணக்கிலேயே ஒரு சார்ஜுக்கு 235 படம்தான். இன்னொரு பேட்டரி இல்லாமல் அதை விசேஷத்துக்கு எடுத்துப்போகாதீர்கள் என்று நாமே சொல்லிவிடுவது நல்லது.

ஆகவே "எது நல்லது?" என்று கேட்பவரிடம் நாங்கள் இப்போது திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டாவது லென்ஸ் வாங்குவீங்களா?" வாங்குவேன் என்றால் மிர்ரர்லெஸ். அதிலும் கிட் லென்ஸோடு 50 மில்லிமீட்டரையும் சேர்த்தே விலை சொல்கிறோம். பட்ஜெட் தாங்காவிட்டால் முதலில் காமிரா, பிறகு லென்ஸ் என்று சொல்லி, வீட்டுக்குள் இரவில் எடுப்பதற்கு இது போதாது என்பதையும் வாய் திறந்து சொல்லிவிடுகிறோம். "லென்ஸ் மாத்துற வேலையெல்லாம் நமக்கு வேண்டாம்" என்பவருக்குக் காம்பாக்ட். அவரிடம் போய்ப் பெரிய சென்ஸார் பெருமை பேசி மிர்ரர்லெஸ்ஸைத் திணித்தால், கிட் லென்ஸ் ஆயுசுக்கும் அதிலேயே ஒட்டிக்கிடக்கும்.

இதில் நம் லாபம் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காம்பாக்ட் விற்றால் அத்தோடு சரி. ஒரு கார்டு, ஒரு உறை, அதிகப்படியான ஒரு பேட்டரி. மிர்ரர்லெஸ் விற்றால் லென்ஸ், ஃபில்டர், ஃப்ளாஷ், பை என்று வாடிக்கையாளர் திரும்பத் திரும்பப் படியேறுவார் என்பது பொதுக் கணக்கு. எங்கள் அனுபவத்தில் எல்லோரும் அப்படி ஏறுவதில்லை. ஏமாந்தோம் என்று நினைத்துப் போனவர் ஒரு ஃபில்டருக்குக்கூட வருவதில்லை, பக்கத்துத் தெருக்காரரையும் வரவிடுவதில்லை.

கொள்முதலில் எங்கள் யோசனை இது. சிறு ஊரில் கடை வைத்திருப்பவர் மிர்ரர்லெஸ்ஸில் ஒரு மாடல், காம்பாக்டில் ஒரு மாடல், 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றிரண்டு, அவ்வளவு போதும். வண்ணத்துக்கு ஒன்றாக வாங்கி அடுக்க வேண்டாம். புது மாடல் அறிவித்த அன்றே பழைய உடலின் விலை இறங்கிவிடும், முதல் முடங்கிவிடும். லென்ஸ் அவ்வளவு வேகமாக விலை இறங்காது, ஆனால் மழைக்காலத்தில் அதற்குள் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்திருப்பதைவிட, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது மேல். காம்பாக்ட் சரக்குக்கு அண்மை ஆண்டுகளில் தட்டுப்பாடு வந்ததால், இந்தியக் கம்பெனி வாரண்டி இல்லாத வெளிநாட்டுச் சரக்கு உள்ளே நுழைகிறது. குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று அதைத் தொட்டுவிட்டால், ஜூம் குழல் சிக்கிக்கொண்ட நாளில் வாடிக்கையாளர் நம் கடை வாசலில்தான் நிற்பார். பில்லில் சீரியல் நம்பரை எழுதிக் கொடுங்கள்.

நம் அங்கத்தினர்களில் ஜவுளி, பாத்திரம், நகை வியாபாரிகள் சிலர் தங்கள் சரக்கைப் படமெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பக் காமிரா வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பாத்திரத்துக்கும் புடவைக்கும், ஜன்னல் ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு வெள்ளைத் துணி, கையில் இருக்கும் கைப்பேசி, இவையே பெரும்பாலும் போதும். நகைக்கு மட்டும் கிட்டப் போய் எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே முன்னும் பின்னும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவது முக்கியம். சிறிய சென்ஸாருக்கு அந்தக் குணம் இயல்பாகவே உண்டு என்பதால் காம்பாக்ட் நன்றாக உதவும், ஸ்டாண்டில் வைத்து எடுத்தால் போதும். அப்படி வாங்கும்போது கடையின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் பில் போட்டு வாங்குங்கள். தொழிலுக்கான பொருள் என்பதால் வரி வரவு எடுக்கலாம், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. டிஜிட்டல் காமிரா மீதான வரி 2019 ஜனவரி 1-ல்தான் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது.

அந்த வங்கித் தம்பியின் கதைக்கு வருவோம். அன்று அவருக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைக் கொள்முதல் விலைக்கே கொடுத்தோம். கடை விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டு, அவர் மடியில் துள்ளிய குழந்தையை அவருடைய காமிராவிலேயே கிட் லென்ஸில் ஒன்று, புது லென்ஸில் ஒன்று எடுத்துக் காட்டினோம். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமே அண்ணாச்சி" என்றார். இப்போது காமிரா கேட்டு யார் வந்தாலும் விலை பேசுவதற்கு முன்பே பாதி விளக்கை அணைத்துவிடுகிறோம். ஆட்டுவதற்கு ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் கவுண்டரில் வாங்கி வைத்திருக்கிறோம்.