முதன்மைச் சிறுநீர்நாள விரிவு

முதன்மைச் சிறுநீர்நாள விரிவு என்பது, சிறுநீரகத்தைச் சிறுநீர்ப்பையுடன் இணைக்கும் சிறுநீர்நாளம் தன் கீழ்முனையிலுள்ள பிறவிக் குறைபாட்டினால் இயல்பை விட அகன்று காணப்படும் நிலையாகும். குழந்தைகளில் நாளத்தின் விட்டம் 7 மில்லிமீட்டரை விட மிகுந்திருப்பின் அது விரிவடைந்ததாகக் கொள்ளப்படுகின்றது. இந்நிலை ஆண் குழந்தைகளிலும், இடப்பக்க நாளத்திலும் அதிகம் காணப்படுகின்றது. சிறுநீர்ப்புறவழி அடைப்பு, சிறுநீர்ப்பையின் நரம்புக் கோளாறு போன்ற பிற காரணங்களால் ஏற்படும் விரிவு இரண்டாம்நிலை விரிவு எனப்படும்.

இயல்பான அமைப்பு

சிறுநீர்நாளத்தின் சுவர் உள்ளிருந்து வெளியாகச் சளிப்படலம், தசைப்படலம், இணைப்புத் திசுப் படலம் என்பவற்றால் ஆனது. தசைப்படலத்தின் மென்தசைகள் அலையலையாகச் சுருங்கிச் சிறுநீரைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. இதனால், ஒருவர் படுத்திருக்கும்போதும் சிறுநீர் சிறுநீர்ப்பையைச் சென்றடைகின்றது.

திசுக் குறைபாடுகள்

விரிந்து காணப்படும் பகுதியில் அன்றி, அதற்குக் கீழே சிறுநீர்ப்பையை ஒட்டியுள்ள குறுகிய பகுதியிலேயே மூலக் குறைபாடு அமைந்துள்ளது. அப்பகுதியின் திசுவில் பின்வரும் மாற்றங்கள் காணப்படலாம்:

* நீள்தசை இழைகள் குறைந்து, வட்டத்தசை இழைகள் மிகுதல்
* தசை இழைகளுக்கிடையே கொலாஜன் நார்கள் மிகையாகப் படிதல்
* சுருக்க அலைகளை ஒருங்கிணைப்பதில் பங்குகொள்வதாகக் கருதப்படும் காகால் இடையீட்டுச் செல்கள் குறைதல்

இக்காரணங்களால் சுருக்க அலை அப்பகுதியைக் கடப்பதில்லை. பெரும்பாலும் அதனுள் மெல்லிய குழாயைச் செலுத்த இயலும். எனவே இது துளை மூடிய அடைப்பு அன்று, இயக்கம் அற்றதால் நேரும் அடைப்பாகும். மேலே தேங்கும் சிறுநீரின் அழுத்தத்தால் நாளம் அகல்கின்றது. அதனைத் தள்ள முயலும் மேற்பகுதித் தசைகள் தடிப்படைகின்றன.

பெருங்குடல் நரம்பணுக்கள் இல்லாமையால் ஏற்படும் இர்ச்சுபுரூங்கு நோயைப் போன்றதே இதுவும் என முன்னர் கருதப்பட்டது. ஆயினும் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் இக்கருத்தை ஆதரிக்கவில்லை.

கண்டறிதலும் சிகிச்சையும்

தற்காலத்தில் பெரும்பாலும் கருவிலேயே மீயொலிச் சோதனை மூலம் இது கண்டறியப்படுகின்றது. கருவில் கீழ்முனையின் நீள்தசைகள் தாமதமாகவே உருவாகின்றன. பிறந்த பின்னரும் இத்திசு முதிர்ச்சியடையக்கூடும் என்பதால், பல குழந்தைகளில் விரிவு தானாகவே குறைகின்றது. எனவே உடனடி அறுவைக்கு மாறாகத் தொடர் கண்காணிப்பே பெரும்பாலும் மேற்கொள்ளப்படுகின்றது.

எனினும் சிறுநீரகச் செயற்பாடு குறைந்தாலோ, காய்ச்சலுடன் கூடிய தொற்று மீண்டும் மீண்டும் ஏற்பட்டாலோ, விரிவு அதிகரித்துச் சென்றாலோ சிகிச்சை தேவைப்படும். அறுவையில் குறைபாடுள்ள கீழ்ப்பகுதி நீக்கப்பட்டு, தேவையெனில் நாளம் ஒடுக்கப்பட்டு, சிறுநீர்ப்பையில் மீண்டும் பொருத்தப்படுகின்றது. கண்காணிப்பின்றி விடப்படும் கடுமையான அடைப்பு, சிறுநீரகத்தை நிலையாகச் சேதப்படுத்தக்கூடும்.