வேடிக்கை பார்க்கும் அட்மின்கள்

இணையத்தில் வம்பு செய்பவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும்விட வயது அதிகம். படம், ஒலி எதுவும் இல்லாமல் எழுத்தால் மட்டுமே ஆன ஓர் இடத்தில், 1993-லேயே அது பெரிய பஞ்சாயத்தாக நடந்து முடிந்திருக்கிறது. ஒரு குழுவுக்கு அட்மினாக இருக்கிற எல்லோரும் அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த இடத்தின் பெயர் லாம்ப்டாமூ. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் வேலை பார்த்த பாவெல் கர்ட்டிஸ் 1990-ல் தொடங்கியது. தன் வீட்டையே மாதிரியாக வைத்து, ஒரு பெரிய மாளிகையை எழுத்தில் கட்டினார். உள்ளே வருகிறவர்கள் தங்களுக்கு ஒரு பெயரும் தோற்றமும் எழுதிக்கொள்வார்கள். கூடத்தில் கூடிப் பேசுவார்கள். ‘இன்னார் சிரிக்கிறார்’, ‘இன்னார் கதவைத் திறக்கிறார்’ என்று திரையில் வரிகள் ஓடும். நிர்வாகிகளுக்கு அங்கே மந்திரவாதிகள் என்று பெயர். 1992 டிசம்பரில் கர்ட்டிஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: இனி மந்திரவாதிகள் தொழில்நுட்ப வேலைகளை மட்டும் பார்ப்பார்கள், உறுப்பினர்களின் சண்டை சச்சரவுகளில் தலையிட மாட்டார்கள். வந்தவர்கள் தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

சில மாதங்களில், ஒரு திங்கட்கிழமை இரவு, ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற கோமாளி வேடத்தில் ஒருவர் கூடத்துக்குள் வந்தார். அவரிடம் ‘சூனியப் பொம்மை’ என்றொரு சின்ன நிரல் இருந்தது. அடுத்தவரின் பாத்திரம் செய்வதாக எதை வேண்டுமானாலும் அதைக் கொண்டு திரையில் ஓடவிடலாம். அங்கே இருந்த சிலரின் பெயரில், அருவருப்பான பாலியல் செயல்களை அவர்களே செய்வதுபோல வரிவரியாக எழுதினார். கூடத்தில் இருந்த அத்தனை பேர் கண்ணிலும் அது பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் ‘லெக்பா’ என்ற பாத்திரத்துக்கு உரியவர் சியாட்டிலில் இருந்த ஒரு பெண். நடந்ததைப் பற்றிப் பொதுவில் எழுதியபோது கண்ணீர் வழிந்துகொண்டிருந்ததாக, பின்னர் அவர் பத்திரிகையாளர் ஜூலியன் டிபெலிடம் சொன்னார். டிபெல் இந்த நிகழ்வை 1993 டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் எழுதினார்.

ஒருவர் எழுதுவது நம் கண்ணில் படாமல் மறைக்கும் கட்டளை அப்போதே இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டால் போதுமே, எதற்கு இவ்வளவு கூச்சல் என்று சிலர் கேட்டார்கள். ‘பிளாக் பண்ணிட்டுப் போங்க’, ‘கண்டுக்காதீங்க’ என்று இன்றைக்கும் இதையேதான் சொல்கிறோம். கவனத்துக்காகக் கத்துகிறவரிடம் இது பலிக்கலாம். ஆனால் குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு பெண்ணைப் பற்றி இரட்டை அர்த்தத்தில் எழுதிவிட்டால்? அந்தப் பெண் அவரை பிளாக் செய்த பிறகும், மற்ற வீட்டுக்காரர்களின் போனில் அது அப்படியே கிடக்கிறது. அவர்களைத்தான் அந்தப் பெண் தினமும் லிஃப்ட்டில் பார்த்தாக வேண்டும்.

பங்கிளை நீக்குவதா என்று லாம்ப்டாமூவில் கூட்டம் போட்டார்கள். மணிக்கணக்கில் வாதம் நடந்தது. நீக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த விதியின் கீழ், விசாரணை வேண்டாமா? பங்கிளே வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். முடிவை எட்டாமலேயே எல்லோரும் கலைந்தார்கள். பிறகு ஒரு மந்திரவாதி தனியாக யோசித்து, தன் பொறுப்பில் பங்கிளின் கணக்கை அழித்தார். அழித்ததில் தப்பில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் எழுதிவைத்த விதி ஒன்றும் இல்லாததால், சரியான முடிவுகூட ஒருவரின் தன்னிச்சையான காரியமாகவே நின்றது. கொஞ்ச நாளில் அதே ஆள் ‘டாக்டர் ஜெஸ்ட்’ என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தார்.

வெளியூர் போயிருந்த கர்ட்டிஸ் திரும்பிவந்து, மனு, வாக்கெடுப்பு என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். அதுவும் நிலைக்கவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வதையும் மனிதர்களைப் பார்த்துக்கொள்வதையும் பிரிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, மந்திரவாதிகள் 1996-ல் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் தலையிட மாட்டேன் என்று ஒதுங்குகிற அட்மின் நடுநிலையாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் குழுவை நடத்துவது அங்கே அதிகம் சத்தம் போடுகிறவர்தான்.

வம்பர்கள் என்று தனி இனம் ஒன்று இருப்பதாக நினைப்பதும் நம்மை ஏமாற்றுகிறது. ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு எளிதான தேர்வும் சிலருக்குக் கடினமான தேர்வும் கொடுத்து, பிறகு ஒரு செய்திக் கட்டுரைக்குக் கருத்து எழுதச் சொன்னார்கள். எளிதான தேர்வு எழுதி, முன்னால் இருந்த கருத்துகளும் நாகரிகமாக இருந்தபோது 35 சதவீதம் பேர் வம்பாக எழுதினார்கள். தேர்வு கடுப்பேற்றி, முதலில் கண்ணில் பட்ட கருத்துகளும் வம்பாக இருந்தபோது அது 68 சதவீதம். சாதாரண மனிதர்கள்தான், முதல் ஆள் காட்டிய வழியில் போனார்கள்.

அப்படியானால் வாசலிலேயே வேறு வழியைக் காட்டலாம் இல்லையா? ரெடிட் விவாதத் தளத்தின் அறிவியல் பகுதியில் ஜே. நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் 2016-ல் அதைத்தான் சோதித்துப் பார்த்தார். சில விவாதங்களின் மேலே மட்டும் விதிகளை ஒட்டிவைத்தார்: எப்படிப்பட்ட கருத்துகள் நீக்கப்படும், அதைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் இருக்கிறார்கள். முடிவுகள் 2019-ல் வெளியாயின. விதியை ஒட்டிய இடங்களில், புதிதாக வந்தவர்கள் விதிப்படி நடந்துகொள்வது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: பேச முன்வந்த புதியவர்களின் எண்ணிக்கை சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. விதி போட்டால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படுகிற அட்மின்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘அனைவரும் மரியாதையாகப் பேசவும்’ என்று எழுதுவதில் பயனில்லை. மட்டமாகப் பேசுகிறவர் தான் மரியாதையாகத்தான் பேசுவதாக நம்புகிறார். சாதியை இழுக்கக் கூடாது, ஒருவரின் உடலையோ தோற்றத்தையோ பற்றி எழுதக் கூடாது, உறுப்பினரின் படத்தையோ எண்ணையோ கேட்காமல் பகிரக் கூடாது என்று செயலைச் சொல்லி எழுத வேண்டும். முதல் முறை பதிவு நீக்கப்படும், அடுத்த முறை ஆள் நீக்கப்படுவார் என்பதையும் சேர்த்தே எழுதலாம். யார் போட்ட பதிவையும் நீக்கும் வசதியை வாட்ஸ்அப் அட்மின்களுக்குக் கொடுத்துவிட்டது; பலர் அதைத் தொட்டதே இல்லை.

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, குழுவில் இன்னொருவர் போட்ட பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் வழக்கு வராது என்பதற்காக, குழுவில் அவமானப்பட்டு நிற்கிறவருக்குப் பதில் சொல்லும் கடமை தீர்ந்துவிடாது. ராத்திரி பதினோரு மணிக்குப் புகார் வந்தால் எடுத்துப் பார்ப்பது யார் என்று அட்மின்கள் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ‘சும்மா தமாஷுக்குச் சொன்னார், விடுங்கம்மா’ என்று ஒரு முறை பதில் வாங்கிய பெண், அடுத்த முறை புகார் சொல்ல வருவதில்லை.