பாம்பு விழுங்கிய யானை: சீன மரபுத்தொடர் ஒன்றின் தோற்றமும் வழக்கும்

சென்னையின் வடபால் யானைக்கவுனி என்றொரு பகுதி உண்டு. கவுனி என்பது கோட்டை வாயிலைக் குறிக்கும் சொல். 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாளைய கறுப்பர் நகரைச் சூழ எழுந்த மதிலின் வாயில்களுள் ஒன்று இப்பெயர் பெற்றது. வாயில் மறைந்தது, பெயர் நின்றது. அப்பகுதியிலிருந்து எம்மிடம் பயில வந்த முதுகலை மாணவி ஒருவர், ஆங்கில வழியே சீனப் பழமொழிகள் சிலவற்றைத் தமிழாக்கிக் கொணர்ந்தார். அவற்றுள் ஒன்றன் நேர்ப்பொருள், "மனித மனம் நிறைவு கொள்ளாது, பாம்பு யானையை விழுங்கும்" என்பது. அவர் அதனைப் "பேராசை பெருநட்டம்" என்று எழுதியிருந்தார். "இரண்டும் ஒன்றுதானே, ஐயா?" என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை காண முயன்றதன் பயனே இக்கட்டுரை.

சீனத்தில் இது ஏழே எழுத்துகளாலாகிய தொடர்; "ரென் ஷின் பு ட்ஸு, ஷெ துன் ஷியாங்" என ஒலிக்கும். முதல் நான்கும் மனத்தின் நிறைவின்மையைக் கூறும். பின் மூன்றும் பாம்பு யானையை விழுங்குதலைக் கூறும். இரண்டனையும் இணைக்கும் உவம உருபு எதுவும் இடையில் இல்லை. கேட்போரே ஒப்புமையை உய்த்துணர வேண்டும்.

இத்தொடரின் பின்மூன்றெழுத்துப் படிமம் மிகப் பழையது. ஆயின் அது தோன்றிய காலத்தில் ஆசையைப் பற்றிய கருத்து அதில் இல்லை. 'மலை கடல் நூல்' எனப் பொருள்படும் 'ஷான் ஹாய் ஜிங்' என்பது கி.மு. நான்காம் நூற்றாண்டு முதல் ஆன் அரசின் தொடக்கம் வரையுள்ள காலத்தில் படிப்படியாகத் தொகுக்கப்பட்டது என்பர். 'பா' என்னும் பாம்பு யானையை உண்டு மூன்றாண்டுகள் கழித்து அதன் எலும்புகளை வெளிப்படுத்தும் என்றும், அவ்வெலும்பு வயிற்று நோய்க்கு மருந்தாகும் என்றும் அந்நூல் கூறுகின்றது. சூ யுவான் பெயரால் வழங்கும் 'வானத்தை வினவுதல்' என்னும் பாட்டும், யானையை விழுங்கும் பாம்பின் உடல் எத்துணைப் பெரிதாயிருக்கும் என்று வியந்து வினவுகின்றது. கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த எழுத்தகராதி, 'பா' என்னும் எழுத்துக்கு யானை தின்னும் பாம்பு என்றும் ஒரு பொருள் கூறுவர் எனக் குறித்துள்ளது. மலை கடல் நூலுக்கு உரை கண்ட குவோ பூ (276–324), தென்னாட்டு மலைப்பாம்பு மானை விழுங்குதலை இதற்குச் சான்று காட்டினார். இவை யாவும் வியப்பைப் பற்றியவை. பாம்பைப் பழிக்கும் குரல் இவற்றில் யாண்டும் இல்லை.

வியப்பு அறவுரையாக மாறியது பிற்காலத்தில். மிங் காலத்து அறிஞர் லோ ஹொங்ஷியேன் (1504–1564) பெயரால் வழங்கும் பாட்டொன்றில் இவ்வேழெழுத்தும் முழுமையாக வருகின்றன. இதனை விளக்க எழுந்த நாட்டுக்கதையும் ஒன்றுண்டு. ஏழை ஒருவன் பாம்பொன்றை வளர்த்துக் காத்தான். அரண்மனையில் நோயுற்றாருக்கு மருந்தாகப் பாம்பின் ஈரல் வேண்டப்பட்டது. நன்றியுள்ள பாம்பு தன் ஈரலில் ஒரு துண்டை அறுத்துக்கொள்ள இசைந்தது. அதனால் அவன் அமைச்சனானான். மேலும் பெற விரும்பி மீண்டும் அறுக்கப் புகுந்தான். வலி பொறாத பாம்பு அவனை விழுங்கிற்று. கதை பலவாறு வழங்கினும் பொதுப்போக்கு இதுவே. யானை, அமைச்சன் ஆகிய இரண்டற்கும் சீனத்தில் 'ஷியாங்' என்னும் ஒரே ஒலி உண்டு. அவ்வொலியொப்புமையே கதைக்கு இடந்தந்தது. ஈண்டு ஒரு மாற்றம் கருதத்தக்கது. தொடரில் ஆசைப்படுவது பாம்பு. கதையிலோ ஆசைப்படுபவன் விழுங்கப்படுபவன்.

இக்கால வழக்கு மற்றொரு திசையிற் செல்கின்றது. சிறிய நிறுவனம் பெரியதொன்றை வாங்குங்கால் சீன இதழ்கள் 'பாம்பு யானையை விழுங்கிற்று' என்று எழுதும். லெனோவோ நிறுவனம் ஐ.பி.எம்மின் தனியாள் கணிப்பொறிப் பிரிவை 2005 இல் வாங்கியபோதும், ஜீலி நிறுவனம் வோல்வோ மகிழுந்து நிறுவனத்தை 2010 இல் வாங்கியபோதும் இவ்வாறே எழுதினர். இவ்விடத்துப் பழிப்பினும் துணிவைப் பற்றிய வியப்பும், செரிக்குமோ என்னும் ஐயமுமே மிகுதி. முன்னாலுள்ள நான்கெழுத்தை நீக்கியவுடன் அறவுரையும் நீங்கிவிடுகின்றது.

இனித் தமிழுக்கு வருவோம். திருக்குறள் அவாவறுத்தலையும் வெஃகாமையையும் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்தது. அவா என்பது நிறையாத வேட்கை. வெஃகல் என்பது பிறர் பொருளைக் கவரக் கருதுதல். சீனத் தொடரின் முற்பகுதி அவாவைச் சார்ந்ததே. "பேராசை பெருநட்டம்" என்பதோ ஆசையின் இயல்பைக் கூறாது அதன் விளைவைக் கூறுவது. வணிகக் கணக்கின் மொழி அது. பாம்புக்கு நட்டம் நேர்ந்ததாகச் சீனத் தொடர் கூறவில்லை. ஆகவே மாணவியின் மொழிபெயர்ப்பு நாட்டுக்கதைக்கு ஓரளவு பொருந்தும், தொடருக்குப் பொருந்தாது.

ஆசையைப் பற்றிப் பேச நம் முன்னோரும் யானையை அழைத்ததுண்டு. புறநானூற்று 184 ஆம் பாட்டில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி கொள்ளும் முறையை அறிவுறுத்துகின்றார். நெல்லை அறுத்துக் கவளமாக்கி அளித்தால் ஒரு மாவினும் குறைந்த நிலமும் யானைக்குப் பலநாள் உணவாகும்; நூறு வயலாயினும் யானை தானே புகுந்தால் வாய் புகுவதினும் கால் கெடுப்பதே பெரிதாகும் என்பது கருத்து. சீனத்தில் யானை விழுங்கப்படும் பொருள். தமிழில் அது உண்ணும் வாய். சீனத் தொடர் ஆசைப்படுபவனின் தொண்டையை அளக்கின்றது. புலவர் மிதிபட்ட வயலை அளக்கின்றார்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. அடகுக்கடைகள் நிறைந்த யானைக்கவுனி, சவுகார்பேட்டைத் தெருக்களில், மீட்க இயலாது போன நகையை "மூழ்கிப்போயிற்று" என்பர். தமிழகமெங்கும் வழங்கும் சொல் இது. இதில் விழுங்கியது யார் என்பது இல்லை. எழுவாயாக நிற்பது நகையே. "வட்டி குட்டி போடும்" என்னும் வழக்கிலும் வட்டி தானே பெருகுகின்றது, பெருக்குபவர் தோன்றார். மகளின் கல்விக்காக வளையலை அடகு வைத்து இழந்த தாயைப் பார்த்துப் "பேராசை பெருநட்டம்" என்று ஒருவர் கூறினால், அச்சொல் தேவையை ஆசையெனத் திரித்துக் குற்றத்தை அவள்மேல் ஏற்றிவிடும். எம் மாணவி இதனைக் கேட்டதும் சிறிது நேரம் வாளாவிருந்தார், பின், "எங்கள் வீட்டு நகையும் மூழ்கியதுதான், யார் மூழ்கடித்தார் என்று நாங்கள் கேட்டதேயில்லை" என்றார்.

எனவே, ஆசை பற்றிய மரபுத்தொடரை மொழிபெயர்ப்பார் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். ஆசைப்படுபவர் யார்? உண்ணப்படுவது எது? பழி யாரைச் சாருகின்றது? சீனத் தொடருக்கு நேரான தமிழ்ப் பழமொழி தேடி இடருறுவதினும், "நிறையா மனம் யானையை விழுங்கும் பாம்பு" என நேரே பெயர்த்தல் நன்று. யானையின் பேருருவைத் தமிழர்க்கு விளக்கவேண்டுவதில்லை. மாணவியும் தம் ஏட்டில் முன்னெழுதியதை அடித்து, அவ்வாறே திருத்திக்கொண்டார்.