கவுன்சலரா, கோச்சா, ஆசிரியரா?

கவுன்சலிங் என்றால் பல வீடுகளில் பொறியியல் சீட்டுதான் நினைவுக்கு வரும். கோச்சிங் என்றால் நீட் வகுப்பு. மனநலத் துறையில் இதே சொற்களுக்குப் பொருள் வேறு. அங்கே ஒரே ஆள் கவுன்சலர், கோச், ஆசிரியர் என மூன்றுமாக இருக்கலாம். ஆனால் மூன்று வேலையும் ஒன்றல்ல.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் (1902–1987) வாழ்க்கையை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். விவசாயம் படிக்கப் போனவர், இறையியலுக்கு மாறி, கடைசியில் உளவியலுக்கு வந்துசேர்ந்தார். 1928 முதல் 12 ஆண்டுகள் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் நல அமைப்பு ஒன்றில் வேலை. அங்கே அடங்காத பையன் ஒருவனின் தாயிடம் சிக்கலின் வேர் எங்கே என்று பலமுறை எடுத்துச் சொல்லியும் பலிக்கவில்லை. இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருவரும் எழுந்தார்கள். வாசல் வரை போன அந்தத் தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து தன் மணவாழ்க்கையின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற பாடத்தை ரோஜர்ஸ் அன்று கற்றார். கவுன்சலரின் முதல் வேலை, அறிவுரை சொல்வதல்ல, கேட்பது.

1940இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1942இல் வெளியிட்ட நூலில், ஒருவருடன் நடந்த எட்டு அமர்வுகளின் ஒலிப்பதிவை முழுமையாக எழுத்தில் தந்தார். மூடிய அறைக்குள் நடப்பதை மாணவர்கள் வரி வரியாகப் படித்துப் பழக முடிந்தது. இது ஆசிரியர் வேலை. இங்கே ஒருவரின் வலியைத் தீர்ப்பது நோக்கமல்ல. திறமையைக் கைமாற்றுவதே நோக்கம்.

1960களில் கலிஃபோர்னியாவுக்குப் போன பிறகு, நோய் எதுவும் இல்லாத, ஆனால் தம்மை இன்னும் அறிந்துகொள்ள விரும்பியவர்களைக் குழுவாக உட்காரவைத்தார். கோச் என்று அவர் பெயர் போட்டுக்கொண்டதில்லை. ஆனாலும் விடையைக் கையில் திணிக்காமல் கேள்வி கேட்டு வெளியே கொண்டுவரும் இன்றைய கோச்சிங்கின் போக்கு அவர் வழிக்கு நெருக்கமானது. கோச்சிங் தொழிலின் வேர்களில் ஒன்று விளையாட்டுத் திடல். டென்னிஸ் பயிற்சியாளர் டிமோத்தி கால்வே 1974இல் எழுதிய நூலும், முன்னாள் கார் பந்தய வீரர் ஜான் விட்மோர் 1992இல் எழுதிய நூலும் அதை அலுவலகங்களுக்குக் கொண்டுபோயின.

நடைமுறையில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். தூக்கம் கெட்டு, அழுகை நிற்காமல், பழைய அதிர்ச்சி துரத்தினால் அது சிகிச்சைக்குரியது. பதவி உயர்வு, தொழில் மாற்றம் போன்ற இலக்கு இருந்தால் கோச்சிங். கட்டணத்தை உங்கள் நிறுவனம் கட்டுகிறது என்றால், நீங்கள் பேசுவதில் எது மேலதிகாரி காதுக்குப் போகும் என்று முதல் நாளே கேளுங்கள். ஆசிரியரோ தன் வகுப்பு மாணவருக்குச் சிகிச்சை தரக் கூடாது. மதிப்பெண் போடுபவரிடம் யாராலும் மனதைத் திறக்க முடியாது.

இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். கோச் என்று பலகை மாட்ட அப்படி எந்த உரிமமும் தேவையில்லை. ஆகவே பணம் கட்டும் முன், என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், என்னுடன் செய்யப்போவது சிகிச்சையா பயிற்சியா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.