இகா நாட்டு மறைவீரர்

நிஞ்சா என்றதும் எம் மாணவரின் மனக்கண்முன் தோன்றுவது, உடல் முழுதும் கருந்துணி போர்த்துக் கூரைக்குக் கூரை தாவிப் புகையெழுப்பி மறையும் ஓர் உருவமே. சினிமாவும் சித்திரக்கதையும் அவர்க்கு அளித்த உருவம் அது. யப்பானியச் சரித்திரத்துட் புகுவோமாயின், மலைசூழ்ந்த சிறு நாடொன்றின் நிலக்கிழாரையும் குடியானவரையுமே அங்குக் காண்போம்.

முதற்கண் சொல்லை நோக்குவாம். முன்னாளில் இவர்க்கு வழங்கிய பெயர் ஷினொபி என்பது. அதன் வேர்ச்சொல் மறைதல், பொறுத்தல் என்னும் இருபொருளும் தருவது. பொறுக்கமாட்டாதவன் மறைந்திருக்கவும் மாட்டான் அன்றோ! அவ்வெழுத்தை நிஞ்சா என வாசிக்கும் வழக்குப் பரவியது இருபதாம் நூற்றாண்டிலேதான்.

பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் ஷோகனின் ஆணை தளர்ந்தது. பிரபுக்கள் ஓயாது பொருதனர். அக்காலத்தில், இன்று மியே மாகாணத்தைச் சேர்ந்த இகாவிலே பேரரையன் எவனும் இலன். சிறு நிலக்கிழார் ஒன்றுகூடித் தம்மைத் தாமே ஆண்டனர். அவர்கள் வகுத்த சட்டம் இன்றும் உளது. பகைவர் புகுந்தால் ஊர்தோறும் மணியொலித்தல் வேண்டும். 17 முதல் 50 வயது வரையுள்ளார் களத்திற்குச் செல்லல் வேண்டும். பகைவரின் கோட்டையைக் கைப்பற்றும் குடியானவன் வீரர் வகுப்பிற்கு உயர்த்தப்படுவான். இத்தகைய ஊர்களிலேதான் இரவில் மதிலேறுதல், தீமூட்டுதல், உளவறிதல் முதலியன வளர்ந்தன. வடக்கேயுள்ள கோகாவின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பிரபுக்கள் இவர்களைக் கூலிக்கு அமர்த்தினர்.

1579 இல் ஒடா நொபுனாகாவின் மைந்தன் இகாமீது படையெடுத்துத் தோற்றான். 1581 இல் நொபுனாகா பல திசைகளினின்றும் பெரும்படை ஏவினான். ஊர்களும் கோயில்களும் எரிந்தன. மாந்தர் பலர் மடிந்தனர். அந்நாட்டின் தன்னாட்சி அத்துடன் ஒழிந்தது. கதைகள் கூறும் மாயவித்தை எதுவும் அவர்களைக் காக்கவில்லை. மறுவருடம் நொபுனாகா கொல்லப்பட்டபோது, சிறு பரிவாரத்துடன் அகப்பட்ட தொக்குகாவா இயேயாசு இகா மலைவழியே தன் நாட்டை அடைந்தான். வழித்துணை புரிந்த இகா மக்கள் பின்னர் அவன் பணியில் அமர்ந்து, எதோ கோட்டையைக் காவல்செய்தனர். அவர்தம் தலைவன் ஹத்தோரி ஹன்சோவின் பெயர் தோக்கியோ அரண்மனை வாயிலொன்றுக்கு இன்றும் வழங்குகின்றது. 1638 இல், ஷிமாபாரா கிளர்ச்சியின்போது, கோகா வீரர் முற்றுகையிடப்பட்ட கோட்டையின் அகழி, மதில் அளவுகளை உளவறிந்து கூறினர். அதன்பின் நெடுங்காலம் அமைதி.

அமைதிக் காலத்திலேதான் அறிந்தவற்றை ஏட்டில் எழுதினர். 1676 இல் தொகுக்கப்பட்ட பன்சென்ஷூக்காய் என்னும் நூல் தாழ்திறத்தல், தீக்கலவை, வானிலை எனப் பலவும் பேசும். ஆயினும் முதலிடம் பெறுவது உள்ளத்தின் நேர்மையே. 1681 இல் எழுந்த ஷோனின்கி, துறவி, வணிகன், தெருவித்தைக்காரன் முதலான ஏழு வேடங்களைக் கூறும். கருப்புடை அவற்றுள் ஒன்றன்று. யப்பானிய நாடக மேடையிலே கருப்புடுத்த ஏவலாளர் கண்ணுக்குப் புலப்படாதவராகவே கொள்ளப்படுவர். அவ்வழக்கே இவ்வுடைக்கு மூலம் என்பர். எமக்கும் அது பொருத்தமாகவே படுகின்றது.

மாயவித்தை வல்ல சருதொபி சசுகே, 1910களில் ஒசாக்காவில் அச்சான மலிவுப் புத்தகங்களாற் புகழ்பெற்ற கற்பனைச் சிறுவன். 1960களில் திரைப்படங்கள் பெருகின. 1967 இல் ஜேம்ஸ் பொண்ட் படமொன்று நிஞ்சாவை மேனாட்டார்க்கு அறிமுகஞ் செய்தது. மியே பல்கலைக்கழகம் 2017 இல் இதற்கென ஆய்வு நிலையமொன்றை நிறுவியுள்ளது.