வன்னி நிழல்

ஐப்பசி அடைமழையில் கான்கள் நிரம்பி வழிய, தேயிலைச் சரிவின் மண் கரைந்து போகாமல் தண்ணீரை எவ்வழியே போக்குவது என்று கவலைப்படும் அப்புத்தளைக்காரர்களாகிய நமக்கு, வருஷம் முழுவதிலும் நூறு மில்லிமீற்றர் மழைகூடக் காணாத அபுதாபியில் சாலைதோறும் மரமும் பூஞ்செடியும் தழைத்து நிற்கின்றன என்பது எளிதில் நம்பக்கூடிய செய்தியன்று. எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து அங்கே போய்ப் பூங்கா வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர் ஒருவரிடம், "அவ்வளவு தண்ணீர் ஏது தம்பி?" என்று கேட்டேன். "குளிச்சு ஊத்துற தண்ணிதாங்க மாமா" என்றார்.

கடல்நீரின் உப்பகற்றிப் பெறும் ஜலத்துக்கு எரிபொருளும் திரவியமும் ஏராளமாக வேண்டியிருப்பதால், அதை ஒரேமுறை உபயோகித்துக் கழித்துவிட அந்நாட்டாருக்கு மனம் வருவதில்லை. குளியலறையிலும் சமையற்கட்டிலும் மலசலகூடத்திலும் கழிந்த நீரையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, கசடைப் படியவிட்டு, காற்றூட்டிய தொட்டிகளில் எஞ்சிய அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கச் செய்து, வடிகட்டி, குளோரின் இட்டு, தனிக் குழாய்களில் பூங்காக்களுக்கு விடுகிறார்கள். பேரீச்ச மரத்தடியை வளைத்துக் கிடக்கும் கறுப்புக் குழாயின் சிறு துளைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் அந்த நீர், மணலில் ஒரு சுளகளவு ஈரமே காட்டும் என்றும், துளையொன்று அடைபட்டால் கோடையில் செடி சீக்கிரமே கருகிவிடுமாதலால் விடியுமுன்னே குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பதே தம் உத்தியோகம் என்றும் அவர் சொன்னார்.

இயந்திரங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, அதே அபுதாபியைச் சேர்ந்த அல் ஐன் பிரதேசத்தார் மலையடிவாரத்து நீரை நிலத்தடிக் கால்வாய் வெட்டி, சரிவொன்றையே துணையாகக் கொண்டு பேரீச்சந்தோப்புக்குக் கொணர்ந்தார்கள். 'ஃபலஜ்' எனப்படும் அக்கால்வாய்களும் தோப்புகளும் 2011இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. மலை ஊற்றைப் பீலிக்குத் திருப்பிப் பழகிய நமக்கு அந்த வித்தை அந்நியமானதன்று.

பாலைவனத்தில் புல்வெளி விரிப்பது மட்டும் என் மனத்துக்கு ஒப்பவில்லை. அதன் தாகம் அடங்குவதேயில்லை. வன்னியோ ஆழ வேரோடி, பூமிக்கடியில் உள்ள ஈரத்தைத் தானே தேடிக்கொள்ளும் விருக்ஷம். அராபியர் 'காஃப்' என்றழைக்கும் அம்மரத்தையே ஐக்கிய அரபு இராச்சியம் 2019இல் தன் சகிப்புத்தன்மை ஆண்டின் சின்னமாகக் கொண்டது. விஜயதசமியன்று வாழையோடு சேர்த்து நம் கோயில்களில் வைக்கும் வன்னி அதுதான் என்று நான் சொன்னபோது, அந்த இளைஞரின் முகம் மலர்ந்தது. ஆனி பிறந்து ஆவணி முடியும் வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யலாகாது என்பது அங்குள்ள சட்டம்; அந்த நேரமெல்லாம் தாமும் கூட்டாளிகளும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தது ஒரு காஃப் மரத்தடியில்தான் என்றார்.